சிரிப்புப் படமும் கேலிப் படமும்

நகைச்சுவை என்று பகிரப்படும் தெருப் புகைப்படங்களைப் பார்த்தால் எனக்குப் பெரும்பாலும் எரிச்சல்தான் வருகிறது. வாய் பிளந்து தூங்கும் ஒருவர், மழையில் வழுக்கி விழுந்த ஒருவர், அளவு பொருந்தாத சட்டை போட்ட ஒருவர். இதில் படமெடுத்தவரின் பங்கு என்ன? அந்த மனிதரின் போதாத நேரத்தில் இவர் கையில் கேமரா இருந்தது, அவ்வளவுதான். யார் எந்தப் பக்கத்தில் நின்று எடுத்திருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும்.

தெருவில் உண்மையான நகைச்சுவை வேறு மாதிரி கிடைக்கிறது. அங்கே இருக்கும் எதுவும் தனியாக வேடிக்கையானதல்ல. ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று, குறிப்பிட்ட நொடியில் பார்த்தால் மட்டும் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கின்றன. அரை அடி நகர்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1995-ல் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள். ஸ்பானிய ஓவியர் கோயாவின் இரண்டு ஓவியங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. ஒரே பெண், ஒன்றில் உடையோடு, மற்றொன்றில் உடையில்லாமல். உடையில்லாத ஓவியத்தின் முன்னால் ஆண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். உடையுடுத்திய ஓவியத்தின் முன்னால் ஒரே ஒரு பெண். எல்லோருடைய முதுகும்தான் நமக்குத் தெரிகிறது. அந்த முதுகுகளே போதும். எர்விட் செய்தது ஒன்றுதான்: பின்னால் நகர்ந்து, இரண்டு ஓவியங்களும் இரண்டு தரப்பும் ஒரே ஃபிரேமில் விழும்படி நின்றார். ஆண்களை மட்டும் நெருங்கி எடுத்திருந்தால் அது சாதாரண அருங்காட்சியகப் படம். அந்தப் பெண் அங்கே இருப்பதால்தான் அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் எவர் முகமும் தெரியாததால் யாருக்கும் அவமானம் இல்லை. சிரித்துவிட்டு, நாமாக இருந்தால் எந்த ஓவியத்தின் முன்னால் நின்றிருப்போம் என்று யோசிக்கிறோம் பாருங்கள், படத்தின் குசும்பு அங்கேதான் இருக்கிறது.

இதே விளையாட்டைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ராபர்ட் துவானோ 1948-லேயே பாரிசில் ஆடியிருக்கிறார். ஒரு ஓவியக் கடைக்குள் கேமராவை ஒளித்து வைத்து, கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கிறவர்களைப் படமெடுத்தார். மனைவி ஏதோ ஒரு ஓவியத்தைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்க, கணவரின் கண் மட்டும் பக்கத்தில் தொங்கும் நிர்வாண ஓவியத்துக்குச் சாய்கிறது. கேமரா தெருவில் இருந்திருந்தால் அந்தக் கண் கிடைத்திருக்காது.

இன்னொன்றையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன், பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் 1932-ல் பாரிசின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதர், குதிகால் நீரைத் தொட இன்னும் ஒரு கணம்தான் பாக்கி. அந்தக் கணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பின்னால் சுவரில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. அதில் ஒரு நடனக்காரர் அதே மாதிரி காலை விரித்துத் துள்ளுகிறார். அவர் நளினமாகப் பறக்கிறார், நம் ஆள் தொப்பென்று தண்ணீரில் இறங்கப் போகிறார். இத்தனை நல்ல நகைச்சுவையைப் பயபக்தியோடு மட்டுமே பார்ப்பது எனக்குப் புரியவில்லை.

சரி, எப்படி எடுப்பது? முதலில், தெருவை ஒற்றைக் கண்ணால் பார்க்கப் பழக வேண்டும். நமக்கு இரண்டு கண்கள் இருப்பதால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் தனித்தனியாகத் தெரிகின்றன. கேமரா எல்லாவற்றையும் ஒரே தளத்தில் ஒட்டிவிடுகிறது. நூறு அடி தள்ளியிருக்கும் சிலையின் சிறகு, முன்னால் நடக்கும் தபால்காரரின் முதுகில் முளைக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இடம் வலமாக நகர்ந்து பாருங்கள், எத்தனை விஷயங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று தெரியும். பார்க்கிறவர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

இந்த மோதல் படத்தில் தெரிய வேண்டுமானால் முன்னாலும் பின்னாலும் தெளிவாக இருக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கி அழகு பார்க்கும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் நகைச்சுவையில் பாதி பின்னணியில்தான் இருக்கிறது. முழு ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் பெரியது) 28 மி.மீ. அகலக் கோண லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து தெருவின் எதிர்ப்பக்கம் வரை தெளிவாக விழும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி இருந்தால் நடப்பவரின் கால் அசைவும் உறைந்துவிடும். அப்புறம் ஃபோகஸ் தேடி நேரத்தை விட வேண்டியதில்லை. கைப்பேசியில் இது இன்னும் எளிது. சென்சார் சிறியது என்பதால் பெரும்பாலும் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை மட்டும் தொடாதீர்கள்.

உயரத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் எல்லோரும் கண் உயரத்திலேயே படமெடுக்கிறோம், கண் உயரத்தில் உலகம் ஒழுங்காக இருக்கிறது. எர்விட் 1974-ல் நியூயார்க்கில் எடுத்த ஒரு படத்தில் கேமரா தரையோடு தரையாக இருக்கிறது. தொப்பியும் கோட்டும் அணிந்த குட்டி நாய் நம்மை நேராகப் பார்க்கிறது. அதன் பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள், ஒரு பெரிய நாயின் கால்கள். மேலே உள்ளதெல்லாம் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. வெட்டியதுதான் அங்கே நகைச்சுவை. முழு உருவங்களையும் காட்டியிருந்தால் நாயோடு உலாவும் ஒரு பெண் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

விளம்பரப் பலகைப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையில் இருக்கும் பெரிய கை கீழே நடப்பவரின் தலையைப் பிடிப்பது போல, பலகையின் திறந்த வாய் சைக்கிள்காரரை விழுங்குவது போல. கற்றுக்கொள்பவர்களுக்கு இது நல்ல பயிற்சி. பின்னணியை முதலில் தேர்ந்தெடுத்து, ஆள் வரும்வரை காத்திருக்கும் பொறுமை இதில்தான் வரும். ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. அந்த நகைச்சுவையில் பெரும்பகுதியை விளம்பர நிறுவனம் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டது. மனிதரும் மனிதரும், மனிதரும் விலங்கும் எதிர்பாராமல் ஒத்துப்போகும் படங்கள் கடினம். அவைதான் இரண்டாவது முறை பார்க்கும்போதும் சிரிக்க வைக்கின்றன.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறதே, அதற்குத் தொல்காப்பியரிடமே ஒரு பிடி கிடைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார். தெருப் படங்களில் மலிந்திருப்பது எள்ளல், அதாவது கேலி. எனக்குப் பிடித்தவை பேதைமையின் பக்கம் இருப்பவை. தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று படத்தில் உள்ளவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் அவருடைய அறியாமை. அது நம் எல்லோருக்கும் உண்டு. முதுகில் சிறகு முளைத்த தபால்காரர் தன் படத்தைப் பார்த்தால் அவரும் சிரிப்பார். வாய் பிளந்து தூங்கியவர் சிரிப்பாரா?

ஆனால் இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1967-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் எடுத்த படத்தில் ஒரு கறுப்பின ஆணும் ஒரு வெள்ளையினப் பெண்ணும் குழந்தை உடை போட்ட சிம்பன்ஸிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் தம்பதியா என்று படம் சொல்வதில்லை. கலப்பு மணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டுதான். முதலில் வரும் சிரிப்பு பாதியிலேயே தொண்டையில் நிற்கிறது. இது அந்தக் கால இனவெறியைக் காட்டிக்கொடுக்கும் படமா, அதற்கே தீனி போடும் படமா? நான் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறேன். ஃபிரேம் போட்ட விதத்தில் அது பிரமாதமான படம் என்பதில் மாற்றமில்லை, ஆனாலும் என் சுவரில் மாட்ட மாட்டேன்.

ஏற்பாடு செய்து எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எர்விட் நாய்களைப் பார்த்துக் குரைப்பாராம், ஹாரன் அடிப்பாராம். எனக்கு ஆட்சேபம் இல்லை, துள்ளுவது நாயின் விருப்பம். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் வீஜீ 1943-ல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், ஆபரா என்ற இசை நாடகம் பார்க்க வந்த பணக்காரப் பெண்களை முறைக்கும் ஏழைப் பெண் அங்கே அழைத்து வரப்பட்டவர் என்று வீஜீயின் உதவியாளரே பின்னாளில் சொல்லிவிட்டார். அது தெரிந்த பிறகு அந்த முறைப்பின் காரம் எனக்குக் குறைந்துவிட்டது.

கடைசியாகத் தலைப்பு. தயவுசெய்து படத்துக்கு மேல் நகைச்சுவையை எழுதாதீர்கள், சிரித்து அழும் மஞ்சள் முகங்களை வரிசையாகப் போடாதீர்கள். ஊரும் ஆண்டும் போதும். பகிர்வதற்கு முன்னால் படத்தை ஒருவரிடம் பேசாமல் நீட்டுங்கள். அவர் கண் எங்கே போய் நிற்கிறது, எப்போது உதடு விரிகிறது என்று பாருங்கள். இணைப்பைக் கண்டுபிடிக்க அவருக்கு ஓரிரு நொடி ஆகும், அந்தத் தாமதம் நல்லது. "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டால் விரலை வைத்துக் காட்டி விளக்க ஆரம்பிக்காமல் அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.