ஒரு பட்டை கூடப் போட்டால் போதுமாம்!

"ஒரு பட்டை கூடப் போட்ரு மாப்ள, அப்புறம் என்ன வேணா ஏத்தலாம்." சாயல்குடியில் ஒருத்தர் சொன்னார். கீழக்கரையில் ஒருத்தர் சொன்னார். ராமநாதபுரத்தில் பட்டறைக்குப் பட்டறை சொன்னார்கள். நானும் வண்டியின் பின் ஸ்பிரிங்கில் பட்டை போட்டேன். ஒன்றல்ல, பக்கத்துக்கு இரண்டு. வண்டியின் பின்பக்கம் வாடிவாசலில் நிற்கிற காளை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் வாலிநோக்கத்துக்கு மேற்கே கரைமணலில் அந்தக் காளை பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரம் ஒன்று முறிந்த ஆக்சில் துண்டோடு வெளியே வந்து கிடக்கிறது. வண்டி நிறையச் சாளை மீன். காலை 10 மணி வெயில்.

என் பிழைப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது பின்னால் தொட்டி கட்டின பழைய ஃபோர் வீல் ஜீப். எங்கள் பக்கம் நாட்டுப்படகுகள் ஒதுங்குகிற கரை எல்லாவற்றுக்கும் ஜெட்டி கிடையாது. ஐஸ் லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து கரை வரைக்கும் சீமைக்கருவேலங்காடும் பொடிமணலும்தான். ஐஸைக் கரைக்குக் கொண்டுபோவதும் மீனை ரோட்டுக்குக் கொண்டுவருவதும் என் வேலை. மீன் இல்லாத நாளில் கரிமூட்டை, தண்ணீர் டிரம், எது கிடைக்கிறதோ அது.

அன்றைக்கு ஏற்றியிருந்த எடையைப் பிறகுதான் உட்கார்ந்து கூட்டினேன். 50 கிலோ ஐஸ் பார் எட்டு, அது 400. மீன் பெட்டி 40 கிலோ வீதம் 12, அது 480. கூடவே 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர், மூன்று ஆள். கிட்டத்தட்ட 1,300 கிலோ! ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எடைகளைக் கழித்துப் பார்த்தால் என் வண்டிக்கு அனுமதி 700 சொச்சம். சரி, தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "என்ன வேணா ஏத்தலாம்" என்றார்களே, அவர்களில் ஒருத்தராவது குனிந்து ஆக்சிலைப் பார்த்தார்களா? அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டை எடையைத் தாங்குவதில்லை ஐயா! வாங்கின எடையைக் கீழே இருக்கிற ஆக்சிலுக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். நாலு பட்டை கூடப் போட்டால் தொட்டி தாழாது, பள்ளத்தில் இடிக்காது. அதைப் பார்த்து வண்டிக்குப் பலம் வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முன்பு பட்டை வளைந்து கொடுத்து வாங்கிக்கொண்ட அடி இப்போது நேராக ஆக்சிலின் வெளிக்குழாயான ஹவுசிங்கில் விழுகிறது. ஹவுசிங் ஒரு நூல் வளைந்தால் போதும், பின்டயர் உள்பக்கமாகத் தேய ஆரம்பிக்கும். என் வண்டியில் தேய்ந்தது. டயர் கடையில் காட்டினேன். "காத்து கம்மியா ஓட்டிருப்பீங்கண்ணே" என்றான் பையன். மணலில் காற்றைக் குறைக்காமல் எப்படித் தம்பி ஓட்டுவது?

இதில் இன்னொன்று இருக்கிறது. என் மாதிரி சின்ன வண்டிகளில் பின்னால் இருப்பது பெரும்பாலும் செமி ஃப்ளோட்டிங் ஆக்சில். சக்கரம் நேராக ஹவுசிங்குக்கு உள்ளிருக்கும் ஷாஃப்ட் என்கிற தண்டின் நுனியிலேயே மாட்டியிருக்கும். சக்கரத்தைச் சுற்றுவதும் அதுதான், சுமையைத் தாங்குவதும் அதுதான். பாவம், ஒரே ஆளுக்கு இரண்டு கூலிவேலை. லாரிக்கு அப்படியில்லை. ரோட்டோரம் நிற்கிற எந்த லாரியின் பின்சக்கரத்தையும் பாருங்கள், நடுவில் சட்டி மாதிரி துருத்திக்கொண்டு சுற்றிலும் போல்ட் வரிசை இருக்கும். அது ஃபுல் ஃப்ளோட்டிங். எடை முழுவதும் ஹவுசிங் நுனியில் இரண்டு பேரிங்கில் உட்கார்ந்திருக்கும், சக்கரம் மாட்டுகிற ஹப்பின் மேல்தான். ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். அது முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. போல்ட்டைக் கழற்றி முறிந்ததை உருவிவிட்டு, ஓட்டையைத் துணியால் அடைத்து, ஃபோர் வீல் வண்டியென்றால் முன்சக்கர இழுவையிலேயே மெல்ல வீடு வந்து சேரலாம். எனக்கு முறிந்ததற்கு டிராக்டர் வந்தது. டிராக்டர் வருவதற்குள் மதியம் வந்தது. மீன் நாறிவிட்டது. வியாபாரி திட்டினதை இங்கே எழுத முடியாது.

அப்புறம் அலங்கார கோஷ்டி. "டயரை வெளியே தள்ளி வெச்சா மணல்ல நல்லா நிக்கும்" என்று ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பேசர் போடச் சொல்கிறவர்கள். சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுக்குப் பேரிங்கின் மேல் நெம்புகோல் மாதிரி பாரம் ஏறும். இது தெரிய இன்ஜினியரிங் வேண்டாம், துடுப்பு போட்டவனுக்கே தெரியும். பெரிய டயர் மாட்டினால் ஷாஃப்டுக்கு முறுக்கு வேறு கூடுகிறது. கூரையில் விளக்கு மாட்டுகிறான், முன்னால் இரும்பு பம்பர் வைக்கிறான். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க மட்டும் ஒருத்தனுக்கும் முதுகு வளையாது.

தனுஷ்கோடியில் வண்டி ஓட்டின பழைய ஆட்கள் இப்படியில்லை. அரிச்சல்முனைக்கு 2017-இல் தார்ச்சாலை திறக்கும்வரை அந்த மணலிலும் தண்ணீரிலும்தான் வருஷக்கணக்காக ஓட்டினார்கள். அவர்களில் ஒரு அண்ணன் எனக்குச் சொன்னது: "ஓடிச் சூடான வண்டியைத் தண்ணிக்குள்ள விடாதடா, டிபரன்ஷியல் மூச்சை உள்ள இழுக்கும்." உண்மை. ஆக்சில் நடுவில் டிபரன்ஷியல் பல்சக்கரங்கள் இருக்கிற ஹவுசிங் சூடாக இருந்து சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவும் கடல்தண்ணீரை உறிஞ்சிவிடும். திறந்து பார்த்தால் ஆயில் பால் ஊற்றின டீ நிறத்தில் இருக்கும். பிரீதரில் ஒரு டியூபை மாட்டி மேலே ஏற்றிக் கட்டினால் பாதித் தொல்லை தீர்ந்தது. அற்பச் செலவு. எந்தப் பட்டறையாவது தானாகச் சொன்னதா? பேரிங் மாற்ற மட்டும் மூன்று தடவை காசு வாங்கினார்கள்.

சரி, ஒரேயடியாகப் பெரிய ஆக்சிலே போட்டுவிடுவோம் என்று மதுரையில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். ஃபுல் ஃப்ளோட்டிங் கிடைத்தது. "எல்லாம் ஒரே அளவுதாண்ணே, அப்படியே உக்காந்துரும்" என்றார் கடைக்காரர். இறக்கி வைத்துப் பார்த்தால் எது உட்கார்ந்தது? பட்டை உட்காருகிற இடம் தள்ளி இருக்கிறது. வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், அந்தச் சூட்டில் ஹவுசிங் கோணாமல் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு வேறு போல்ட் வட்டம். பிராப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஒன்றும் சேரவில்லை. இதெல்லாம் லேத்தில் காசு கொடுத்தால் முடிகிற சங்கதி. முடியாதது ரேஷியோ, அதாவது ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரங்களின் விகிதம்.

என் முன் ஆக்சிலில் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்துக்கு 43 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பினியனுக்கு 8. அதாவது 5.38. வாங்கி வந்ததில் பல்லை எண்ணினால் 39-க்கு 8, அதாவது 4.88. முன்சக்கரம் 10 சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் பின்சக்கரம் 11 சுற்றப் பார்க்கும். ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, நடுவில் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ் கிடந்து முறுக்கிக்கொள்ளும். மணலில் வழுக்கிச் சமாளிக்கலாம். தாரில் போட்டால் பல் தெறிக்கும். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ஃபோர் வீல் போடாம ஓட்டுங்கண்ணே" என்கிறார்! மணலில் ஓட்டத்தானே அய்யா இந்த வண்டியே!

இதற்கு நடுவில் விசாரித்ததில் இன்னொரு இடி. ஆக்சிலை மாற்றினாலும் ஆர்சியில் இருக்கிற எடை மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. அதிக எடைக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 தனியாக. ஆக, என் வண்டி 1,300 கிலோ தாங்கினாலும் புத்தகம் தாங்காது. இதையாவது அந்தப் பட்டறைகளில் ஒருத்தர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இப்போது வாங்கின ஆக்சில் வேப்பமரத்தடியில் கிடக்கிறது, கோழி ஏறி நிற்கிறது. பழைய ஹவுசிங்குக்குள் புது ஷாஃப்ட், புது பேரிங் போட்டு, கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிட்டு, 600 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று இரண்டு நடை அடிக்கிறேன். டீசல் இரண்டு மடங்கு. வியாபாரிக்கு அதில் கோபம். நேற்று சாயல்குடியில் டீ குடிக்க நிறுத்தினேன். முதலில் பட்டை போட்டுவிட்ட அதே மனிதர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்:

"என்ன மாப்ள, பின்னாடி இவ்வளவு தாழ்ந்து கெடக்கு?"