ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆவணத்துக்கு ஒரு சேர்க்கை

லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்ற ஆவண மென்பொருளில் எழுத்துருவைக் கருவிப்பட்டையில் மாற்றினால் போதும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இருமொழி ஆவணத்துக்கு அது போதாது. அமைப்புகளின் மொழிப் பகுதியில் தமிழ் போன்ற எழுத்துகளுக்கான 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' வசதியை முதலில் இயக்குங்கள். அதன்பின் பத்தி பாணியில் ('பாராகிராஃப் ஸ்டைல்') ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் எழுத்துரு, அளவு, மொழி மூன்றையும் தனித்தனியே குறிக்கலாம். ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் அளவை மாற்றினால் தமிழ் பழைய அளவிலேயே நிற்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். தமிழ் எழுத்து பெரிதாகத் தெரியும் என்பதால் ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11 அல்லது 10.5 பொருந்தும்.

வரி இடைவெளியை 'ஃபிக்ஸ்ட்' (மாறாத அளவு) ஆக்கி 18 புள்ளி (pt) கொடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலச் சொல் வரும் வரிக்கும் வராத வரிக்கும் உயரம் மாறும். மிகக் குறைத்தால் 'கீ'யின் சுழி வெட்டுப்படும்.

இருபுறமும் சீராக்கும்போது நீண்ட தமிழ்ச் சொற்களால் பெரிய வெற்றிடம் விழும். சொல்லின் நடுவே அகலமற்ற முறிவுக்குறியை (வரி மடங்கலாம் என்று மட்டும் காட்டும், அச்சில் தெரியாத குறி) செருகினால் இணைகோடு இல்லாமல் மடங்கும். மெய்ப்பு முடிந்த பிறகே செருகுங்கள், முன்பே செருகினால் தேடலில் அந்தச் சொல் சிக்காது.