ஃப்ரீஸருக்குப் பட்டா

(சேலம், கன்னங்குறிச்சி. ஜூன் மாத ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. செல்வி செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறாள். பையனை ட்யூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு வீடு சேர ஏழு மணி ஆகும். கணவன் லாரித் தொழில், வாரத்தில் நான்கு நாள் ஊரில் இருப்பதில்லை. மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, அளக்கும் டேப் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அடுப்பில் மூன்று பர்னரும் எரிகின்றன.)

மாமா: என்ன கண்ணு, விசேஷமா? யாராவது வருகிறார்களா?

செல்வி: யாரும் வரவில்லை மாமா. இந்த வாரத்துச் சமையல்.

மாமா: வாரத்துச் சமையலா?

செல்வி: திங்கள் முதல் வெள்ளி வரை, ராத்திரிச் சாப்பாடு. செய்து ஃப்ரீஸரில் போட்டுவிட்டால், வந்ததும் சூடு பண்ணித் தாளித்தால் போதும். ஏழு மணிக்கு மேல் வெங்காயம் உரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மாமா: வெள்ளிக்கிழமைக் குழம்பை ஞாயிற்றுக்கிழமை வைப்பதா? இதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது கண்ணு. பழையது.

செல்வி: காலையில் பழைய சோற்றுக்கு இரண்டாம் தடவை மோர்மிளகாய் கேட்டது யார்?

மாமா: அது நேற்றுப் பழையது. அதில் ஒரு நியாயம் உண்டு.

செல்வி: அத்தை சித்திரை வெயிலில் போட்ட ஜவ்வரிசி வடகத்தைத் தை மாசம் வரைக்கும் பொரித்துத் தின்றோமே?

மாமா: வடகத்துக்குச் சூரிய பகவான் சாட்சி. இதற்கு யார் சாட்சி?

செல்வி: மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிரில் கிருமி பெருகாது.

மாமா: செத்துவிடுமா?

செல்வி: சாகாது, தூங்கும். வெளியே எடுத்தால் எழுந்துகொள்ளும். அதனால்தான் சாப்பிடும்போது தளதளவென்று கொதிக்க விட வேண்டும்.

மாமா: நான் வேலை பார்த்த இடத்தில் ஃபைல் இப்படித்தான். சாகாது, தூங்கும். ஆள் வந்து சூடு பண்ணினால்தான் எழுந்திருக்கும். சரி, பருப்பை ஏன் தாம்பாளத்தில் கொட்டி வைத்திருக்கிறாய்? ஈ மொய்க்கவா?

செல்வி: ஆற வைக்கிறேன். குண்டானோடு விட்டால் மேலே ஆறினாலும் நடுவில் ராத்திரி வரைக்கும் சூடு நிற்கும். கெட்டுப்போவது அங்கேதான் ஆரம்பிக்கும். அகலமாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். இந்தாருங்கள் விசிறி.

மாமா: நான் சும்மா கேட்கத்தான் வந்தேன்.

செல்வி: கேட்டுக்கொண்டே விசிறுங்கள்.

(விசிறுகிறார். இந்த வீட்டில் கேள்வி கேட்டு வேலை வாங்கிக்கட்டிக்கொள்வது அவருக்குப் புதிது இல்லை.)

மாமா: சாம்பாரில் உருளைக்கிழங்கைக் காணோமே?

செல்வி: ஃப்ரீஸரில் வைத்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. போன வாரம் சாப்பிட்டீர்களே.

மாமா: அது உருளைக்கிழங்கா? பன்னீர் என்று நினைத்து உன்னைப் பாராட்டினேனே!

செல்வி: பாராட்டு இருக்கட்டும், திருப்பித் தர மாட்டேன். தயிர் விட்டது, தேங்காய்ப்பால் விட்டது எதுவும் இதற்கு ஆகாது, திரிந்துவிடும். துருவின தேங்காய் தாங்கும். தக்காளித் தொக்கு, கொள்ளு கடைந்தது, கோழிக் குழம்பு எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். சப்பாத்தியை அரை வேக்காட்டில் எடுத்து, இடையிடையே பட்டர் பேப்பர் போட்டு அடுக்கிவிட்டேன்.

மாமா: தாளிக்கவே இல்லையே?

செல்வி: அது அன்றன்றைக்கு. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால்தான் உங்கள் பேரன் அம்மா சமைத்தாள் என்று நம்புகிறான்.

(பையை டம்ளருக்குள் சொருகி வாயை வெளிப்பக்கம் மடித்துவிட்டு, கரண்டியால் பருப்பை ஊற்றுகிறாள். முக்கால் பாகத்தில் நிறுத்துகிறாள்.)

மாமா: ஏன் நிறுத்திவிட்டாய்? இன்னும் இரண்டு கரண்டி பிடிக்குமே.

செல்வி: தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும் மாமா. இடம் விடாவிட்டால் பை பிளந்துகொள்ளும்.

மாமா: (விசிறி நின்றுவிடுகிறது) ஓரத்தில் வரப்பு விடுகிறாய்! யாரும் சொல்லாமல், சண்டை போடாமல், தானாக வரப்புக்கு இடம் விட்ட ஒரு ஆளை இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஃப்ரீஸரைத் திற, பார்க்கலாம்.

செல்வி: எதற்கு?

மாமா: அளக்க வேண்டும்.

செல்வி: மாமா!

மாமா: என்ன மாமா? 1802-ல் லாம்டன் துரை பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் அளந்து ஆரம்பித்ததால்தான் இந்தியாவையே அளக்க முடிந்தது. அளக்காத இடத்தில் சண்டைதான் விளையும்.

செல்வி: இது ஒன்றரை அடி மாமா.

மாமா: ஒன்றரை அடிக்குத்தான் கண்ணு அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள். டேப்பின் அந்த முனையைப் பிடி. ஆங்... இது என்ன, பச்சைப் பட்டாணி? எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறது?

செல்வி: பொங்கலுக்கு வாங்கினது.

மாமா: எந்தப் பொங்கல்?

செல்வி: ...

மாமா: ஆக்கிரமிப்பு. காலி செய். ஐஸ் டிரே இருக்கும் இடம் புறம்போக்கு, பொதுப் பயன்பாடு, யாரும் கை வைக்கக் கூடாது. கதவுத் தட்டு புல எண் 1. அடித்தட்டு 2, 3. மேல் தட்டு 4. அதில் 4/1 கோழி, 4/2 பருப்பு. எல்லாம் தட்டையாக உறைய வை, பலகை மாதிரி நிற்கும், எல்லை சுத்தமாகத் தெரியும்.

செல்வி: அதைத்தான் நானும் செய்கிறேன். மெலிசாக இருந்தால் இளகுவதும் சுருக்க இளகும்.

மாமா: அப்புறம் ஒரு சின்ன விண்ணப்பம்.

செல்வி: இல்லை மாமா.

மாமா: இன்னும் கேட்கவே இல்லையே!

செல்வி: வரகம்பாடித் தோப்பிலிருந்து வந்த மல்கோவாக் கூடை நேற்றிலிருந்து உங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வாசனை தெருமுனைக்கு வருகிறது. கூழ் எடுத்து உறைய வைக்கணும் என்பீர்கள். இந்த வாரம் ஒரு இஞ்ச் கூட இல்லை. டாக்டர் உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்றுதான் சொன்னார்.

மாமா: அதனால்தானே உறைய வைக்கச் சொல்கிறேன்! தவணை முறையில் தீபாவளி வரைக்கும் ஓட்டலாம்.

செல்வி: அடுத்த வாரம் பார்க்கலாம்.

மாமா: (பெருமூச்சு) "மனு பரிசீலனையில் உள்ளது." நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்!

செல்வி: இந்தாருங்கள், மாஸ்கிங் டேப், மார்க்கர். பையில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைவதற்கு முன்னால் ஒட்ட வேண்டும், அப்புறம் பிடிக்காது. "பருப்பு, ஜூன்" என்று எழுதினால் போதும்.

மாமா: பெயரா? பெயர் மாறும், எண் மாறாது. பையில் புல எண், நோட்டில் விவரம். அந்த நோட்டுதான் அடங்கல், என் சட்டைப் பையில் இருக்கும்.

செல்வி: மாமா, நான் ராத்திரி ஏழரை மணிக்கு அடங்கல் பார்த்துச் சமைக்க முடியாது.

மாமா: அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

(அவள் கை முழுக்க மஞ்சள். மார்க்கர் அவர் கையில். அத்தோடு விஷயம் முடிந்தது.)

*

(செவ்வாய், பகல் ஒரு மணி. காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. செல்வி கடையிலிருந்து போன் செய்கிறாள்.)

செல்வி: மாமா, ஃப்ரீஸரைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால், நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம் தாங்கும். பாதி காலியாக இருந்தால்தான் 24.

மாமா: நான் அந்தப் பக்கமே போகவில்லை.

செல்வி: வாயில் என்ன?

மாமா: பருப்புச் சாதம்.

செல்வி: நான் ரசம்தானே வைத்துவிட்டு வந்தேன். எந்தப் பருப்பு?

மாமா: கீழே ஃப்ரிட்ஜில்... கொஞ்சம்... பழைய பருப்பு. கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறேன் கண்ணு. லைன் சரியாக இல்லை, வைத்துவிடட்டுமா?

*

(புதன், இரவு ஏழு இருபத்தைந்து. மாமா கோட்டை மாரியம்மன் கோயிலில். போன் அடிக்கிறது.)

செல்வி: மாமா, 4/2 பருப்புதானே?

மாமா: பருப்புதான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏன்?

செல்வி: நேற்று ராத்திரியே எடுத்துக் கீழே ஃப்ரிட்ஜில் இளக வைத்தேன். இப்போது வாணலியில் கடுகு, வரமிளகாய், பூண்டு, பெருங்காயம் போட்டுத் தாளித்து, பையை அப்படியே கவிழ்த்து, உப்பும் போட்டாகிவிட்டது.

மாமா: பேஷ்.

செல்வி: வீடு முழுக்க மாம்பழ வாசனை அடிக்கிறது.

(கோயில் மணி. நீண்ட மணி.)

மாமா: கண்ணு... பையில் 4/2-க்குப் பிறகு எழுத்து ஏதாவது இருக்கிறதா, பார்.

செல்வி: பி.

மாமா: அது உட்பிரிவு.

செல்வி: எப்போது உட்பிரிவு ஆனது?

மாமா: திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை. நீ வேலைக்குப் போன பிறகு.

செல்வி: யாரைக் கேட்டு?

மாமா: நோட்டீஸ் ஒட்டினேனே.

செல்வி: எங்கே ஒட்டினீர்கள்?

மாமா: ஃப்ரீஸருக்குள். பின்பக்கச் சுவரில். ஐஸ் மூடியிருக்கும், கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் தெரியும்.

செல்வி: சரி, அந்த இடத்தில் இருந்த என் பருப்பு?

மாமா: கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றினேன். ராத்திரியில் இளகிவிட்டது. இளகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று நீதானே சொல்லியிருக்கிறாய்? விதியை மீற மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம்...

செல்வி: பழைய பருப்பு!

மாமா: ஆமாம், லைன் சரியாக இல்லாத அன்றைக்கு.

செல்வி: இன்னும் எத்தனை உட்பிரிவு இருக்கிறது மாமா? மறைக்காமல் சொல்லுங்கள்.

மாமா: 4/2சி. அப்புறம் 3/1-ல் சப்பாத்திக்கு அடியில் ஒன்று. கதவுத் தட்டில்... அது இமாம்பசந்த், அது சின்னதுதான்.

செல்வி: நாளைக்கு எல்லாப் பையிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும். தமிழில். பெரிய எழுத்தில்.

மாமா: எழுதிவிடுகிறேன். குழந்தை பட்டினியா கண்ணு? வரும்போது தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வரட்டுமா?

செல்வி: அவனா? நான் கொட்டப் போனேன், விடவில்லை. சோற்றில் பிசைந்து தின்றுகொண்டிருக்கிறான். இரண்டாம் தடவை வாங்கிவிட்டான். இதற்கு என்ன பெயர் என்று கேட்கிறான்.

மாமா: அப்படியா! நன்றாகவா இருக்கிறது?

செல்வி: சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருக்கிறது.

மாமா: எனக்கும் ஒரு கரண்டி எடுத்து வை.

செல்வி: டாக்டர் ஒரு துண்டுதான் சொல்லியிருக்கிறார். காலையிலேயே தின்றாகிவிட்டது, நான் பார்த்தேன்.

மாமா: அது பழத்துக்கு கண்ணு. நீதான் பூண்டும் பெருங்காயமும் போட்டுத் தாளித்துவிட்டாயே. வகை மாறிவிட்டது. கணக்கில் இனி அது குழம்பு.