ட்ரேட் போடும் முன் ஒரு பிட்ஸ்பர்க்காரரைக் கேளுங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் நண்பர்கள் நாங்கள் ஏழு பேரும் ஜெனரல் மேனேஜர்கள். கலிபோர்னியாவில் சன்னிவேல், சான்டா கிளாரா, ஃப்ரீமான்ட் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். பகலில் இரண்டு நாள் லீவுக்கு மேலாளரிடம் தலையைச் சொறிகிறவர்கள், இரவு பத்தரைக்குப் பிள்ளைகளைத் தூங்க வைத்ததும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டுவோம். யாரை எடுப்பது, யாரைத் தள்ளிவிடுவது, பதிலுக்கு எதை வாங்குவது என்று வாட்ஸ்அப்பில் ஒரு மணிவரை ஓடும். இந்த ஏழு பேரில் ஒருவன்கூட அந்த முட்டை வடிவப் பந்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து கெஜம் ஓடியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிராஃப்ட் என்றால் என்ன என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் "ஐபிஎல் ஏலம் மாதிரி" என்று ஆரம்பிப்பேன். அது பாதிதான் சரி. இங்கே பணத்தைச் சொல்லிக் கூவுவது கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் முறை வைத்து ஏழு சுற்றுகளில் எடுக்கும். போன பருவத்தில் ஆக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் முறை, கோப்பையை வென்ற அணிக்குக் கடைசி முறை. இந்த முறைக்குத்தான் பிக் என்று பேர். அது ஒரு சொத்து. விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருடப் பிக்கையும் அதற்கடுத்த வருடப் பிக்கையும்கூட இன்றைக்கே அடகு வைக்கலாம். 1936இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஊகத்தின் லட்சணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் 2024இல் டெட்ராய்ட்டில் பெயர் வாசிப்பதைப் பார்க்க மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் கூடினார்கள். பந்து ஒரு அங்குலம் நகராத ஒரு விளையாட்டு நிகழ்ச்சிக்கு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரை எடுப்பார்கள் என்று ரசிகர்கள் சொல்வது தப்பிப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லோருக்கும் தப்பும். என் புகார் எல்லாம் நாம் போடும் ட்ரேடுகளை, அதாவது இரண்டு அணிகள் ஆட்டக்காரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்ளும் பேரங்களைப் பற்றியது. அவற்றில் எதிர் அணி என்று ஒன்று இருப்பதே இல்லை. நாம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, கேட்டதை எடுத்து நீட்டும் ஒரு கடைப் பையன் மட்டும்தான் அந்தப் பக்கம் நிற்கிறான்.

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 26ஆம் தேதி நைனர்ஸ் 12ஆவது பிக்கைக் கொடுத்து மயாமியிடமிருந்து 3ஆவது பிக்கை வாங்கியது. கூடவே 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்றுப் பிக்குகளும், ஒரு மூன்றாம் சுற்றுப் பிக்கும் போயின. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குக்காகத்தான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எந்தக் குவாட்டர்பேக்? அதற்கு ஒரு மாதம் முழுக்கச் சண்டை. தொலைக்காட்சிப் பண்டிதர்களில் முக்கால்வாசிப் பேர் மேக் ஜோன்ஸ் என்று அடித்துச் சொன்னார்கள். எங்கள் குழுவில் நான்கு பேர் ட்ரே லான்ஸ் கட்சி. நானும் இன்னொருவனும் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் கட்சி. மீதியிருந்த ஒருவன் மேக் ஜோன்ஸ் என்று சொல்லிவிட்டு அந்த மாதம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டான். பயிற்சியாளர் கைல் ஷனஹனிடம், ஏற்கெனவே இருக்கும் குவாட்டர்பேக் ஜிம்மி கரோப்பலோ டிராஃப்ட் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அணியில் இருப்பாரா என்று கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை உலகத்தில் யார் உயிரோடு இருப்பார்கள் என்றே தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்கிற மாதிரி பதில் சொன்னார். அதையும் நாங்கள் விடவில்லை. அந்த வாக்கியத்துக்குள் லான்ஸ் ஒளிந்திருக்கிறாரா, ஜோன்ஸ் ஒளிந்திருக்கிறாரா என்று பதவுரை, பொழிப்புரை எல்லாம் எழுதிப் பார்த்தோம்.

எடுத்தது லான்ஸை. குழுவில் நான்கு பேருக்குக் கொண்டாட்டம். அப்புறம் நடந்ததுதான் கதை. லான்ஸ் நைனர்ஸுக்காக மொத்தம் நான்கு ஆட்டங்களில்தான் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 2022இல் இரண்டாவது வாரமே கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுப் பிக்குக்கு அவரை டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். என் ஆள் ஃபீல்ட்ஸை சிகாகோ 2024 மார்ச்சில் ஓர் ஆறாம் சுற்றுப் பிக்குக்குத் தள்ளிவிட்டது. அதே மாதம் மேக் ஜோன்ஸும் ஓர் ஆறாம் சுற்றுப் பிக்குக்குப் பேட்ரியட்ஸிலிருந்து ஜாக்சன்வில்லுக்குப் போனார். நாங்கள் ஒரு மாதம் தூக்கத்தைத் தொலைத்துச் சண்டை போட்ட மூன்று பேருக்கும் மூன்று வருடத்தில் சந்தையில் கிடைத்த விலை: நான்கு, ஆறு, ஆறு. யாருடைய ஊகம் சரி என்று இப்போது தீர்ப்புச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இதில் இன்னொரு வேடிக்கை. நாங்கள் கொடுத்த அந்த 12ஆவது பிக் மயாமியிடமிருந்து பிலடெல்பியாவுக்குப் போய், அங்கிருந்து டாலஸுக்குப் போய், அங்கே மைக்கா பார்சன்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர் ஆனது. பார்சன்ஸ் எங்கள் குவாட்டர்பேக்கை விரட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், நாம் விற்ற மாடு நம் வயலிலேயே வந்து மேய்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் குழியிலிருந்து எங்களைத் தூக்கிவிட்டது யார் என்றால், 2022 டிராஃப்டின் கடைசி ஆள். 262ஆவது பிக். கடைசியாக எடுக்கப்படுபவருக்கு மிஸ்டர் இர்ரெலவன்ட் என்று கேலிப் பட்டமே உண்டு, அதாவது ஒரு பொருட்டில்லாதவர். குவாட்டர்பேக் பிராக் பர்டி. டிராஃப்டின் கடைசி நாளான அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஏழு பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பழைய செய்திகளைத் தோண்டிப் பார்த்தேன். ஐந்தாம் சுற்றோடு பேச்சு நின்று, யார் வீட்டில் இரவுச் சாப்பாடு என்பதற்கு மாறியிருக்கிறது. பர்டி பெயரை எழுதியவன் ஒருவனும் இல்லை. 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரம்வரை எங்களைக் கொண்டுபோனது அவர்தான். கான்சாஸ் சிட்டியிடம் 25-22 என்று தோற்றோம், அதை இங்கே பேச வேண்டாம். முதல் ஒப்பந்தத்தில் அவருக்கு நான்கு வருடத்துக்குச் சேர்த்தே சுமார் 37 லட்சம் டாலர்தான். 2025இல் போட்ட ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர்.

"அப்படியானால் மேனேஜர்களுக்கும் ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது, கணக்கு சரிதானே மச்சி" என்பான் எங்கள் கோயம்புத்தூர்க்காரன். ஆட்டக்காரர்களை எடை போடுவதில் அது ஓரளவு உண்மைதான். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாசியும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே இடத்துக்கு ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்தவராக அமையும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பதுதான். மேலே ஏறுவதற்காக அணிகள் கொட்டிக் கொடுப்பது அதிகம் என்பது அவர்கள் கணிப்பு.

ஆனால் மேனேஜருக்கு இருக்கிற ஒன்று நமக்கு இல்லை. அவருடைய போனின் அந்தப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளுக்கும் வேலை போய்விடும் பயம் இருக்கிறது. எங்கள் தாத்தாவோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இந்தப் பக்கம் விரலை நீட்டினால் அந்தப் பக்கம் இன்னொரு கை அதை மடக்கும். நம் ட்ரேடில் துண்டும் நம்முடையது, அடியில் இருக்கும் இரண்டு கையும் நம்முடையது.

இதற்கு ஒரு பட்டியல் வேறு கிடைத்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது டாலஸ் கவ்பாய்ஸ் அணி ஒவ்வொரு பிக்குக்கும் புள்ளி போட்டு ஒரு அட்டவணை தயாரித்தது. முதல் பிக்குக்கு 3000, மூன்றாவதுக்கு 2200, பன்னிரண்டாவதுக்கு 1200 என்று இறங்கிக்கொண்டே வரும். கீழே போனால் இரண்டு மூன்று புள்ளிதான். அவசரத்தில் கூட்டிக் கழிக்க அது நல்ல கருவி. ரசிகர் கைக்கு வந்ததும் ரேஷன் கடை விலைப்பட்டியல் ஆகிவிட்டது. "இருபது புள்ளி நாம்தான் கூடக் கொடுக்கிறோம், ஏன் மாட்டேன் என்கிறான்?" என்று கோபம் வருகிறது. அவனுக்கு வேண்டாம் என்பதால் மாட்டேன் என்கிறான். நம்மிடம் மிச்சமிருக்கும் நான்காம் சுற்றுப் பிக்குகள் மூன்றை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

அட்டவணை பிறந்த அதே டாலஸின் 1989 ஹெர்ஷல் வாக்கர் ட்ரேடுதான் நம் எல்லோருடைய மண்டையையும் கெடுத்தது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு ஓட்டக்காரரை மினசோட்டாவுக்குக் கொடுத்து ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கட்டுப் பிக்குகளும் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றை வைத்து மேலே ஏறி எம்மிட் ஸ்மித்தை எடுத்தார்கள். அந்த வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்து 15இல் தோற்ற அணி, அடுத்த சில வருடங்களில் மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தது. ரசிகன் போடும் எல்லா ட்ரேடுக்கும் இதுதான் மூலப் பிரதி. மினசோட்டா ரசிகர் ஒருவர் அன்றைக்கு என்ன பாடுபட்டிருப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை.

நைனர்ஸின் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் டீபோ சாமுவேல் விஷயத்தில் நாங்களே சூடு பட்டோம். 2025 மார்ச்சில் அவரை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் "இரண்டாம் சுற்று கண்டிப்பாக வரும், பேசத் தெரிந்தால் கூட ஒரு நான்காம் சுற்றும் வரும்" என்று எழுதியவன் நான்தான், மறுக்கவில்லை. வாஷிங்டன் கொடுத்தது ஓர் ஐந்தாம் சுற்று. அதோடு முடியவில்லை. முன்பே கொடுத்த போனஸில் கணக்கில் ஏறாமல் கிடந்த பாக்கி, ஆளை விற்றதும் மொத்தமாக அந்த வருடச் சம்பள உச்சவரம்பில் வந்து விழுந்தது. 3 கோடி டாலருக்கு மேல். நம் வீட்டு ட்ரேடில் இந்தக் கணக்கு ஒருநாளும் வராது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நாங்கள் காக்கையையும் தாண்டிவிட்டோம். கூட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று முடிவு பண்ணிய குஞ்சுக்கும் பொன் விலை கேட்கிறோம்.

எனக்குப் புத்தி வந்தது 2024 கோடையில். நைனர்ஸின் இன்னொரு பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் பிராண்டன் அயூக் ட்ரேட் கேட்டிருந்தார், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் பேர் தினமும் அடிபட்டது. நாங்கள் உட்கார்ந்து ஒரு ட்ரேட் செய்தோம்: ஸ்டீலர்ஸின் முதல் சுற்றுப் பிக், கூடவே அவர்களுடைய ஆட்டக்காரர் ஜார்ஜ் பிக்கன்ஸ். எல்லோருக்கும் திருப்தி. என் அலுவலகத்தில் பிட்ஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். மறுநாள் மதியம் அவரிடம் போய் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "அயூக்கோடு சேர்த்து கோல்டன் கேட் பாலத்தையும் தருகிறீர்களா?" என்றார்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அவரே பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். அயூக்குக்குப் புதுச் சம்பளம் வேறு கொடுக்க வேண்டுமே, அதை உன் கணக்கில் எங்கே காணோம்? இவ்வளவு நல்ல ஆள் என்றால் நீங்கள் ஏன் விற்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அயூக் நைனர்ஸோடேயே நான்கு வருடத்துக்கு 12 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அக்டோபரில் கான்சாஸ் சிட்டியோடு ஆடும்போது முழங்கால் போனது. திங்கட்கிழமை அந்தப் பெரியவர் என் மேசைக்கு வந்து ஒன்றும் பேசாமல் ஒரு காபியை வைத்துவிட்டுப் போனார்.

"இதெல்லாம் சும்மா ஜாலிக்குத்தானே, இதற்கு ஏன் இவ்வளவு நீளப் பதிவு?" என்று கேட்பீர்கள். ஜாலிதான். பிப்ரவரியில் பருவம் முடிந்தால் செப்டம்பர்வரை நமக்கு வேறென்ன பொழுதுபோக்கு? யாரை எடுப்பார்கள் என்ற ஊகத்தை நான் எந்தக் காலத்திலும் விடப்போவதில்லை. 2025இல் 11ஆவது பிக்குக்கு அர்மான்ட் மெம்பு மிச்சமிருப்பார் என்று சத்தியம் பண்ணினேன். 7ஆவதாகவே ஜெட்ஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது, நைனர்ஸ் எடுத்தது மைக்கெல் வில்லியம்ஸை. அடுத்த வருடமும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் நான் போட்ட அசட்டு ட்ரேட் நடக்கவில்லை என்பதற்காக நைனர்ஸ் ஜெனரல் மேனேஜர் ஜான் லின்ச்சை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று நள்ளிரவில் எழுதியிருக்கிறேன் பாருங்கள், அங்கேதான் ஜாலி திசை மாறுகிறது. இல்லாத ஒரு பேரத்தை நாமே கற்பனை பண்ணி, அது கைநழுவிப் போனதாக நாமே அழுது, அதற்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்கித் திட்டவும் செய்கிறோம். அடுத்த வருடம் அதையும் மறந்துவிடுகிறோம்.

அதனால் இந்த வருடம் குழுவில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். யார் ட்ரேட் போட்டாலும், முதலில் அந்த எதிர் அணியின் ரசிகர் ஒருவரிடம் காட்டி "சரி" வாங்கிக்கொண்டு வர வேண்டும். இந்தப் பகுதியில் அதற்குப் பஞ்சமே இல்லை, எல்லா ஊர்க்காரர்களும் அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் பதினோரு ட்ரேட் போனது. பத்தைச் சிரித்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒரு சியாட்டில்காரர் யோசிக்காமல் சரி என்று தலையாட்டினார்.

அது குழுவுக்கு வந்தது. ஏழு பேரில் ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டவனே வேண்டாம் என்று அழித்துவிட்டான்.