பிரிஜிட் என்னும் பெயரும் ஓர் அடிமைத் தாயும்

ஒவ்வோர் ஆண்டும் புனித பிரிஜிட் திருநாளான பிப்ரவரி 1 நெருங்கும்போது, பிரிஜிட் என்ற ஐரிஷ் பெயரைப் பற்றி ஒரே வாதம் மீண்டும் எழுகிறது. அவள் கிறித்தவம் வருவதற்கு முன்பே அயர்லாந்தில் வணங்கப்பட்ட தெய்வமா, கில்டேரில் மடம் நிறுவிய புனிதையா என்பதே அந்த வாதம். இரு தரப்பினரும் சான்றுகளை அடுக்குகிறார்கள். ஆனால் அந்தப் பெயரின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப்படும் ஒருத்தியை இரு தரப்பினருமே ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவள் புனிதையைப் பெற்ற தாய். கருவுற்றிருந்த நிலையில் விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண். அவளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான், பிற்காலத்தில் கடல் கடந்த ஊர்களில் இந்தப் பெயருக்கு நேர்ந்த இழிவு எத்தகையது என்பது விளங்கும் என்று நான் நம்புகிறேன்.

பெயரின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கெல்ட்டிய மொழியில் 'உயர்ந்தவள்' என்று பொருள்படும் 'பிரிகந்தி' என்ற சொல்லிலிருந்து வந்தது இது. உரோமர் காலத்தில் வட இங்கிலாந்தில் வாழ்ந்த பிரிகந்தியர் என்ற குடியின் பெயரும், அங்குள்ள கல்வெட்டுகளில் காணப்படும் பிரிகந்தியா என்ற தெய்வத்தின் பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. சமஸ்கிருதத்தின் 'பிருகதி' இதற்கு நேர் உறவுச் சொல். ஆகவே, தஞ்சைப் பெரிய கோயிலின் பிருகதீசுவரர் என்ற பெயரில் உள்ள 'பிருகத்' என்பதும் தொலைதூரத்து ஐரிஷ் பெண்ணின் பெயரும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. இன்றைய ஐரிஷில் இப்பெயர் சுருங்கி 'பிரீட்' ஆகிவிட்டது; ஆங்கிலத்தில் பிரிட்ஜெட் என்றும், சுவீடனில் பிர்கிட்டா என்றும் வழங்குகிறது.

தெய்வத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பது சிறிதே. 908இல் இறந்த கேஷல் நாட்டு அரசரும் ஆயருமான கோர்மாக்கின் பெயரால் வழங்கும் பழைய சொல்விளக்க ஏடு ஒன்று, தாக்தா என்னும் தெய்வத்துக்கு பிரிஜிட் என்ற ஒரே பெயரில் மூன்று மகள்கள் இருந்ததாகச் சொல்கிறது. ஒருத்தி கவிஞர்கள் வணங்கியவள், ஒருத்தி மருத்துவத்துக்கு உரியவள், மற்றவள் கொல்லுத் தொழிலுக்கு உரியவள். இன்னொரு பழங்கதையில், போரில் மகன் ருவாதான் கொல்லப்பட்டபோது, பிரிஜிட்டாகவே கருதப்படும் தாய் பிரீக் கதறி அழுதாள் என்றும், அயர்லாந்து மண்ணில் கேட்ட முதல் ஒப்பாரி அதுவே என்றும் வருகிறது. தெய்வங்களைப் பற்றிய கதைகளில் இந்த இடத்தைப்போல என்னை உலுக்கியது வேறொன்றில்லை.

இனி புனிதையின் கதைக்கு வருகிறேன். மரபுப்படி அவள் 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்றைய டன்டாக் நகருக்கு அருகிலுள்ள ஃபாகர்ட்டில் பிறந்தாள். தந்தை துப்தாக் ஒரு குறுநிலத் தலைவர். தாய் புரோய்க்சேக் அவருடைய அடிமை. மனைவியின் பொறாமையால், கருவுற்றிருந்த புரோய்க்சேக் விற்கப்பட்டு, ட்ரூயிட் எனப்படும் பழஞ்சமயப் பூசாரி ஒருவரின் வீட்டுக்குப் போய்ச்சேர்கிறாள். கதிரவன் எழும் வேளையில், பால் சுமந்து வந்த அவள் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் மறு காலை வெளியேயும் வைத்திருந்தபோது குழந்தை பிறந்தது என்பது மரபு. 7ஆம் நூற்றாண்டில் புனிதையின் வாழ்க்கையை இலத்தீனில் எழுதிய கில்டேர் துறவி கோகிடோசஸ், பெற்றோர் இருவரையும் உயர்குடியினர் என்று மட்டும் எழுதி, அடிமைத்தனத்தைப் பற்றி வாய்திறக்கவில்லை. தம் மடத்தின் பெருமையை நிலைநாட்ட விரும்பியவருக்கு அந்தச் செய்தி இடையூறாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வேறு வாழ்க்கை வரலாறுகள் அதை மறைக்கவில்லை என்பதற்காக அவற்றை எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

அந்த வரலாறுகளில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி ஒன்று உண்டு. வளர்ந்த பிரிஜிட், கண் நோயால் வருந்தும் தாய்க்குத் துணையாக ட்ரூயிட்டின் பால்பண்ணைக்குப் போகிறாள். தாயின் வேலையைத் தானே ஏற்று வெண்ணெய் கடைகிறாள். கடைந்ததை 12 திருத்தூதர்களின் பெயரால் 12 பங்காகவும், கிறிஸ்துவின் பெயரால் பெரிய 13ஆவது பங்காகவும் பிரித்து, ஏழைகளுக்கும் விருந்தினர்க்கும் கொடுத்துவிடுகிறாள். செய்தி அறிந்து பெரிய கூடையுடன் கணக்குக் கேட்க வந்த எசமானர், இருந்த சிறிதளவு வெண்ணெயே கூடை நிறையப் பெருகியதைக் கண்டு வியந்து, மாடுகளையும் வெண்ணெயையும் அவளுக்கே தருவதாகச் சொல்கிறார். அவள் அவற்றை வேண்டாமென்று மறுத்து, தாயின் விடுதலையைக் கேட்டுப் பெறுகிறாள்.

சமவெளியெங்கும் விரிந்த போர்வை, சூரியக் கதிரில் உலர்த்திய ஈர மேலாடை போன்ற அற்புதங்களையே பலரும் விரும்பிச் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதிவைத்த கில்டேரின் அணையா நெருப்பும் புகழ்பெற்றது. 19 கன்னியர் முறைவைத்து ஆளுக்கோர் இரவு அதைக் காத்தார்கள். 20ஆம் இரவில், "பிரிஜிட், இது உன் முறை" என்று சொல்லி விறகை வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையிலும் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அடிமைப் பெண்ணின் மகள் இறந்த பிறகும் தன் முறை வேலையைத் தவறாமல் செய்கிறாள் என்பதே அந்த மரபில் நான் காணும் அழகு.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் பல்லாயிரம் ஐரிஷ் இளம்பெண்கள் தனியாகவே கப்பலேறி அமெரிக்கா சென்று, நியூயார்க், பாஸ்டன் வீடுகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களில் பிரிட்ஜெட்டுகள் ஏராளமாக இருந்ததால், ஐரிஷ் வேலைக்காரி எவளையும் 'பிரிட்ஜெட்' என்றோ அதன் சுருக்கமான 'பிடி' என்றோ குறிப்பிடும் வழக்கம் பரவிற்று. எசமானியை மிரட்டும் முரட்டுச் சமையற்காரியாக நகைச்சுவை இதழ்கள் அவளை வரைந்து விற்றன. சொந்தப் பெயரை விட்டு டீலியா என்று மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. இன்னும் கொடுமையான செய்தி ஒன்றுண்டு. 1892இல் அமெரிக்காவின் ஃபால் ரிவர் நகரில் போர்டன் என்ற குடும்பத்தின் வீட்டில் நடந்த இரட்டைக் கொலையின் வழக்கில் சாட்சி சொன்ன வேலைக்காரியின் பெயர் பிரிட்ஜெட் சல்லிவன். அந்த வீட்டுப் பெண்களோ, முன்பு வேலை பார்த்தவளின் பெயரான மேகி என்றே அவரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்குப் போன பிரிட்ஜெட் மர்ஃபியையும் சொல்ல வேண்டும். 1858இல் கணவரை இழந்த அவர், சிறு பிள்ளைகளுடன் உழைத்துப் பிழைத்து, பின்னர் ஒரு கடையை நடத்தினார். அவருடைய கொள்ளுப்பேரன் ஜான் கென்னடி 1961இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார்.

2023 முதல் புனித பிரிஜிட் திருநாளையொட்டி அயர்லாந்தில் பொது விடுமுறை விடப்படுகிறது. அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரால் அமைந்த முதல் பொது விடுமுறை அது. அதை மனமார வரவேற்கிறேன். அந்நாளில் கோரைப்புல்லில் சிலுவை பின்னக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, தெய்வத்தின் கதையோடும் அற்புதங்களோடும், வெண்ணெய் கடைந்த அந்தப் பெண்ணின் தாய்க்கு புரோய்க்சேக் என்று ஒரு பெயர் இருந்ததையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.