லைவ் பக்கத்தை ஷேர்டு ஹோஸ்டிங்கில் போடாதீர்கள்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நொடிக்கு நொடி மாறும் பக்கத்தை ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பல வெப்சைட்டுகள் ஒரே சர்வரைப் பங்கு போட்டுக்கொள்ளும் பிளானில் போடாதீர்கள். "அன்லிமிடெட்" என்ற ஒரு வார்த்தையை நம்பி மூன்று வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டுகிறார் வியாபாரி. அது அவர் உழைத்த காசு.

விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்று போனில் காட்டும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன செய்வோம்? சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் எழுதி, 2 நொடிக்கு ஒரு தடவை "விலை மாறிடுச்சா?" என்று போன் சர்வரைக் கேட்கிற மாதிரி வைப்போம். 300 பேர் பார்த்தால் நொடிக்கு 150 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஎச்பி ப்ராசஸ் (ஓடும் ப்ரோகிராம்), ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன். பதில் என்னவோ பெரும்பாலும் "இல்லை"தான். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சமயத்தில் இத்தனை ப்ராசஸ்தான் ஓடலாம் என்று வரம்பு உண்டு; பல பிளான்களில் அது 20, 30ஐத் தாண்டாது. மீறினால் திரையில் 508 என்ற பிழை, "ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்". ஏலம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துப் பக்கம் படுத்துவிடும். மத்தியானம் யாருமே பார்க்காதபோது ஜோராக ஓடும்.

ஏலம் விடுகிறவர் எப்படி வேலை செய்கிறார்? வாங்க வந்த ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் தனி ஆளா நிற்கிறார்? ஒருவர்தான். எந்தப் பக்கம் குரல் வந்தாலும் காதில் வாங்குகிறார், விலையை எல்லோருக்கும் கேட்கும்படி ஒரே தடவை சொல்கிறார். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் செய்வதும் இதுதான். ஒரே ப்ராசஸ் ஆயிரக்கணக்கான கனெக்‌ஷனைத் திறந்து வைத்திருக்கும். எதில் தகவல் வந்திருக்கிறது என்பதை லினக்ஸில் உள்ள ஈபோல் (epoll) என்ற வசதி சொல்லும். சும்மா இருக்கும் கனெக்‌ஷனுக்குக் கொஞ்சம் மெமரி போதும். விலை மாறினால் மட்டும் வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு வழியாக எல்லாப் போனுக்கும் போகும்.

இது ஒன்றும் நேற்று வந்த விஷயமில்லை. ஒரே சர்வரில் பத்தாயிரம் பேரை எப்படித் தாங்குவது என்று டேன் கெகல் என்ற ப்ரோகிராமர் எழுதியது 1999இல். இதே வழியில் வேலை செய்யும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் 2004இல் வெளிவந்தது, ரயன் டால் நோடை அறிமுகப்படுத்தியது 2009இல், வெப்சாக்கெட் அதிகாரபூர்வத் தரநிலை ஆனது 2011இல். இன்னமும் நம் ஏரியாவில் பழைய பிளானையே தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்த 300 பேருக்கு 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (ஒரு சர்வரில் நமக்கென்று தனியாக ஒதுக்கிய பங்கு) தாராளம். மாத வாடகைக்கே எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில், சின்ன பிளானுக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. நோடுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால், 60 நொடி தகவல் எதுவும் வராவிட்டால் அது தானாகவே கனெக்‌ஷனை வெட்டிவிடும். 25 நொடிக்கு ஒரு பிங், அதாவது "இருக்கிறேன்" என்று ஒரு சின்னத் தகவல் அனுப்புங்கள். ஒவ்வொரு இணைப்பையும் லினக்ஸ் ஒரு ஓபன் ஃபைலாகத்தான் எண்ணும்; அந்த வரம்பு பல இடங்களில் 1024இல் நிற்கும், அதை ஏற்றுங்கள். சிக்னல் போய்த் திரும்பி வரும் போனுக்குக் கடைசி விலையை முதலில் கொடுங்கள், இல்லாவிட்டால் பழைய விலையைப் பார்த்து வாங்கி நஷ்டப்படுவார்கள். முக்கியமாக, மீன் படத்தைச் சுருக்குவது போன்ற கனமான வேலையை அந்த ஒரே ப்ராசஸில் செய்யாதீர்கள். அது முடியும்வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும்.

கடை முகவரி, போன் நம்பர், நாலு படம் மட்டும் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும், விபிஎஸ் எதற்கு? லைவ் பக்கம் என்றால் மட்டும், பணம் கட்டும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் ப்ராசஸ் நாள் முழுக்க ஓட விடுவீர்களா? ஒரே சமயத்தில் எத்தனை கனெக்‌ஷன்? பதில் எழுத்தில் வரட்டும். அப்புறம் காசைக் கொடுங்கள்.