ஓட்டையைச் சொன்னவர் மீதே வழக்கு

ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் இயங்கும் மாடர்ன் சொல்யூஷன் என்ற மென்பொருள் நிறுவனம், சிறு வணிகர்களின் சரக்கையும் விற்பனையையும் ஓட்டோ, காஃப்லாந்து போன்ற பெரிய இணையச் சந்தைகளோடு இணைத்துத் தருகிறது. 2021-இல் அந்த மென்பொருளைப் பயன்படுத்திய வணிகர் ஒருவரின் தரவுத்தளத்தில் பதிவுக் குறிப்புகள் கட்டுக்கடங்காமல் குவிந்தன. காரணத்தைக் கண்டறிய, தனியாகத் தொழில் செய்யும் கணினி வல்லுநர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மென்பொருள் அந்நிறுவனத்தின் சர்வரோடு நேரடியாக ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தள இணைப்பை வைத்திருப்பதையும், அந்த இணைப்புக்கான கடவுச்சொல் நிரல் கோப்புக்குள் மறைகுறியாக்கம் எதுவுமின்றி வெறும் எழுத்தாகவே கிடப்பதையும் அவர் கண்டார். தன்னை அமர்த்திய வணிகரின் தரவு மட்டுமே அங்கே இருக்கும் என்று நினைத்து உள்ளே போனவருக்கு, அந்நிறுவனத்தின் எல்லா வணிகர்களிடமும் பொருள் வாங்கிய ஏறத்தாழ 7 லட்சம் பேரின் விவரங்கள் கண்ணில் பட்டன.

அவர் அதை நிறுவனத்துக்குத் தெரிவித்தார். இணைய வணிகம் பற்றி எழுதும் ஒருவர் மூலம் செய்தி பொதுவெளிக்கும் வந்தது. நிறுவனம் புகார் கொடுத்தது. காவல்துறை அந்த வல்லுநரின் இடத்தைச் சோதனையிட்டு, அவர் பிழைப்பு நடத்தும் கணினிகளை எடுத்துக்கொண்டு போனது. 2024 ஜனவரியில் யூலிஷ் நகர நீதிமன்றம் அவருக்கு 3,000 யூரோ அபராதம் விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆகன் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது அபராதத் தொகையல்ல, நீதிமன்றம் விவாதித்த கேள்விதான். ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 202அ பிரிவு, தனிக் கவனத்துடன் பாதுகாக்கப்பட்ட தரவை அந்தப் பாதுகாப்பைத் தாண்டி அணுகுவதைக் குற்றமாக்குகிறது. கோப்பைத் திறந்தாலே தெரிந்துவிடும் ஒரு கடவுச்சொல்லைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா என்பதுதான் வாதம். முடியாது என்று கூறி 2023-இல் யூலிஷ் நீதிமன்றம் வழக்கை ஏற்கவே மறுத்தது. முடியும் என்று மேல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அவர் எதற்காக உள்ளே போனார், எதை எடுத்தார், யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்பவற்றுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. 7 லட்சம் பேரின் விவரங்களை ஒரே கடவுச்சொல்லின் பின்னால் வைத்தது யார் என்ற கேள்வியும் அந்த நீதிமன்ற அறைக்குள் வர வழியில்லை.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் மேல், ஆனால் கொஞ்சம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு, உரிமையாளரின் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதியின்றி ஒரு கணினியை அணுகுவதையே இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. நோக்கத்தை அது கேட்பதில்லை. அதே செயலை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நேர்மையற்ற' என்ற அந்தச் சொல், பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஆய்வாளர்களைக் காப்பாற்றும் என்று சட்டம் படித்த நண்பர்கள் எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. காப்பாற்றக்கூடும், ஆனால் விசாரணையின் முடிவில். முதல் தகவல் அறிக்கை பதிவாகி, மடிக்கணினியும் கைப்பேசியும் பறிமுதலாகி, வேலை செய்யும் நிறுவனத்தின் மனிதவளத் துறை விளக்கம் கேட்டு, ஜாமீனுக்கு அலைந்து முடித்த பிறகு கிடைக்கும் விடுதலையை நம்பி யார் ஓட்டையைத் தேடுவார்கள்?

என்னுடன் பணியாற்றிய ஒருவர், ஒரு பரிசோதனைக் கூடத்தின் இணையதளத்தில் தன் தாயாரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தரவிறக்கினார். முகவரியின் கடைசியில் ஒரு வரிசை எண் இருந்தது. அதில் ஓர் இலக்கத்தை மாற்றியதும் முன்பின் தெரியாத ஒருவரின் அறிக்கை, பெயரும் வயதும் கைப்பேசி எண்ணுமாகத் திறந்தது. அவர் உடனே அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். இன்றுவரை அந்தக் கூடத்துக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் "எங்கள் சர்வருக்குள் உங்களுக்கு என்ன வேலை" என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. இந்த மௌனம் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது என்பதால், சட்டத்தால் ஆராய்ச்சிக்குப் பாதிப்பே இல்லை என்று வாதிடுவதும் எளிதாகிவிடுகிறது.

பூட்டிய வீட்டுக்குள் நுழைந்துவிட்டு, பூட்டைச் சோதித்தேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் இருப்பது வீட்டுக்காரரின் பொருள். பூட்டு சரியில்லை என்றால் இழப்பும் அவருக்கே. அந்த சர்வரில் இருப்பதோ நம் இரத்தப் பரிசோதனையும் நம் வங்கிக் கணக்கும். அவற்றைச் சோதிக்க அனுமதி தரும் அதிகாரத்தைச் சட்டம் நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைக்கிறது. தன் குறை வெளியே தெரிவதால் நட்டப்படப்போகும் ஒரே தரப்பும் அந்த நிறுவனம்தான்.

பிடிபட்ட திருடர்கள் எல்லோரும் தங்களை ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்வார்களே என்ற அச்சம் நியாயமானது. பல ஆயிரம் பேரின் தரவை அள்ளி வைத்துக்கொண்டு, பணம் தந்தால் விவரம் தருகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்புவோரை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் இரு தரப்பையும் பிரிப்பது அப்படியொன்றும் கடினமல்ல என்பதற்கு பெல்ஜியம் சான்று. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டப்படி, தீங்கிழைக்கும் நோக்கமின்றி, ஓட்டையை மெய்ப்பிக்கத் தேவையான அளவைத் தாண்டாமல், நிறுவனத்துக்கும் நாட்டின் இணையப் பாதுகாப்பு மையத்துக்கும் காலம் கடத்தாமல் தெரிவித்தவருக்கு, முன் அனுமதி பெறாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் 2022 மே மாதம் நீதி அமைச்சகம், நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பாதுகாப்பு ஆய்வின் மீது கணினி மோசடிச் சட்டத்தின்படி வழக்குத் தொடர வேண்டாம் என்று தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. அது நல்ல அறிவுறுத்தல்தான், ஆனால் அடுத்த ஆட்சி ஒரே சுற்றறிக்கையில் திரும்பப் பெறக்கூடியது. நிறுவனங்கள் தொடுக்கும் உரிமையியல் வழக்குகளையும் அது தடுக்காது. ஜெர்மனியின் கதை இன்னும் பரிதாபம்: ஆய்வாளர்களுக்கு விலக்களிக்கும் சட்ட வரைவை நீதி அமைச்சகம் 2024 நவம்பரில் வெளியிட்டது, அதே வாரம் கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது.

நம் நாட்டில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓட்டைகள் பற்றிய தகவல்களைப் பெற்று நிறுவனங்களோடு பேசுகிறது. அதனிடம் தகவல் தந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. 43-ஆவது பிரிவில் பெல்ஜியத்தைப் போன்ற ஒரு விலக்கு சேர்க்கப்பட வேண்டும். செர்ட்-இன்னுக்கு முன்கூட்டியே தகவல் தந்த ஒருவரின் கருவிகளைப் பறிமுதல் செய்வதற்கு முன், அந்த அமைப்பின் கருத்தைக் காவல்துறை எழுத்தில் பெற வேண்டும் என்ற விதியும் வேண்டும். இரண்டாவதைத்தான் நான் அவசரமானதாகக் கருதுகிறேன். இந்த விலக்கு 70-ஆவது பிரிவையும் எட்ட வேண்டும். அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினியை அணுக முயன்றாலே 10 ஆண்டு வரை சிறை என்கிற அந்தப் பிரிவில், 'நேர்மையற்ற' என்ற சொல்கூட இல்லை. ஆதார் தரவு மையம் 2015 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது.